கறுவா முன்னுக்கு, சந்தனம் பின்னுக்கு: தம்பிமாருக்கு அக்காவின் சென்ற் டிப்ஸ்

தம்பி, கடையில் சென்ற் போத்தலை மூக்கில் வைத்த உடனே காசை எடுத்து நீட்டாதே. அந்த முதல் மணம் கால் மணித்தியாலம் நின்றால் பெரிய காரியம். யாழ்ப்பாண ரவுனில் வாங்கிக்கொண்டு காங்கேசன்துறை பஸ்ஸில் ஏறினாய் என்றால், மருதனார்மடத்தை எட்டுவதற்குள் அது போய்விடும். அதற்குப் பிறகு வருகிற மணம்தான் பொழுதுபடும் மட்டும் உன் உடம்பில் இருக்கப்போவது. காரமும் மரமும் கலந்த ஆம்பிளைச் சென்றுகளை இந்த நேரக் கணக்குத் தெரியாமல் வாங்கவே கூடாது. அவற்றில் காரம் முன்னுக்கு வரும், மரம் பின்னுக்கு வரும். காரத்தில் மயங்கி வாங்கினவனுக்கு மிச்ச நாளெல்லாம் மரத்தோடுதான் போகும்.

எங்கள் கீரிமலைப் பக்கத்துப் பெடியள் பலர் தாங்களாகச் சென்ற் வாங்குவதில்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வருகிற மாமாமாரின் பெட்டியில், சொக்லேட்டுக்கும் சேட்டுக்கும் நடுவில் அது வருகிறது. அன்போடு கொண்டுவருகிறார்கள், சந்தோஷமாக வாங்கு. ஆனால் ஒன்றை மனதில் வை. அந்தப் போத்தல் குளிர் நாட்டில், குளிர் நாட்டு மூக்கு ஒன்று மணந்து பார்த்துத் தெரிந்தது. கறுவா, கராம்பு, சந்தனம், அகில் சேர்ந்த கனமான வாசனைகளை அங்கே இலையுதிர் காலத்துக்கும் பனிக்காலத்துக்கும் என்றுதான் எடுத்து வைப்பார்கள். தடித்த கோட்டுக்குள்ளே நாலு அடி அடித்தாலும் அங்கே அது மெல்லத்தான் வெளியே வரும். இங்கே சித்திரை வெயிலில் அதே நாலு அடி அடித்துவிட்டு நீ கோயில் வீதியில் நடந்தால், முன்னுக்குப் போகிற ஆளே திரும்பிப் பார்ப்பார். சூட்டில் வாசனை எண்ணெய்கள் வேகமாக ஆவியாகும். அதனால் தொடக்கத்தில் மூர்க்கமாக இருக்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். கடற்காற்று அதில் பாதியை அள்ளிக்கொண்டு போய்விடும். எனவே எங்கள் ஊர்க் கணக்கு வேறு: பகலில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு அடி. பின்னேரம் கலியாண வரவேற்புக்கு என்றால் மூன்று. அதற்கு மேல் வேண்டாம்.

காரம், மரம் என்று நான் சொல்வது எவை என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதைத் தெரிந்துகொண்டால் விற்கிறவர் சொல்வதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

காரப் பக்கத்துச் சாமான்கள் எல்லாம் அம்மாவின் சரக்குப் பெட்டிக்குள் இருக்கின்றன. கறுவா, கராம்பு, ஏலக்காய், மிளகு, சாதிக்காய், கொத்தமல்லி. இவற்றில் கறுவா எங்கள் தீவின் சொத்து. யாழ்ப்பாணத்து வறண்ட மண்ணில் அது வராது. காலி, மாத்தறைப் பக்கத்து ஈர மண்ணில்தான் வரும். உலகச் சந்தைக்குப் போகிற அசல் கறுவாவில் மிகப் பெரிய பங்கு இலங்கையிலிருந்துதான் போகிறது. 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் சிலோன் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அப்படிக் கிடைத்தது அதுதான் முதல்தடவை. போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் இந்தத் தீவில் கட்டிவைத்திருந்த பொருள்களில் இந்தப் பட்டைக்குத்தான் முதலிடம். பாரிஸில் ஒரு போத்தலுக்குள் கறுவா மணத்தால், அது எங்களுக்கு அந்நியமான மணம் இல்லை என்று நீ தலைநிமிர்ந்து சொல்லலாம்.

கறுவாப்பட்டையின் மணமும் இலையின் மணமும் ஒன்றில்லை. பட்டையின் எண்ணெயில் சினமல்டிஹைட் என்ற பொருள் மேலோங்கி நிற்கும். இனிப்பும் சூடும் அதனால்தான். இலையின் எண்ணெயில் யூஜினோல் மேலோங்கும். அது கராம்பின் மணம். பல்வலிக்கு அம்மா கராம்பைக் கடிக்கத் தருவதும் இதே யூஜினோலுக்காகத்தான், அது விறைக்கப் பண்ணும். சென்ற் ஒன்றை மணக்கும்போது பல் வைத்தியரின் அறை நினைவுக்கு வந்தால் அதில் கராம்பு கூடிவிட்டது என்று எடுத்துக்கொள். அதை வாங்காதே. எனக்குத் தெரிந்த அளவில் அந்த மணத்தை நாள் முழுக்கச் சகிக்கிறவர்கள் குறைவு.

மரப் பக்கத்தில் சந்தனம், சீடர், அகில், பிறகு வெட்டிவேர். வெட்டிவேர் புல்லின் வேர்தான், என்றாலும் வாசனைக்காரர் அதை மரக் குடும்பத்தோடு சேர்த்துத்தான் கணக்கெடுப்பார்கள். ஈரமண்ணும் காய்ந்த புல்லும் கலந்த குளிர்ந்த மணம் அது. சீடர் பென்சில் செய்கிற மரம். பென்சில் சீவும்போது வருகிற வறண்ட, சுத்தமான மணம் அதனுடையது. சந்தனத்தை உனக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. செஞ்சந்தனத்துக்கும் வாசனைக்கும் சம்பந்தமில்லை. அது நிறத்துக்கும் மருந்துக்கும் உதவுகிற வேறொரு மரம். மணக்கிறது வெள்ளைச் சந்தனத்தின் வைரம் மட்டும்தான். அதிலும் மரம் பல வருஷம் முற்றினால்தான் எண்ணெய் ஊறும். அதனாலேயே விலை அதிகம், அதனாலேயே கடையில் இருக்கிற முக்கால்வாசிச் சந்தன வாசனை ஆய்வுகூடத்தில் செய்தது. அதில் குற்றம் ஒன்றுமில்லை, பெரிய நிறுவனங்களும் அதைத்தான் செய்கின்றன. மலிவுப் போத்தலில் "அசல் சந்தன எண்ணெய்" என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பாதே. உண்மையான சந்தனம் எப்படி மணக்கும் என்று அறிய, சந்தனக் கட்டை ஒன்றைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்துப் பார். பால் மணம் கலந்த ஒரு மெல்லிய மணம் வரும். உரைத்த சந்தனம் மங்கல் நிறமாக இருக்கும். பளிச்சென்ற மஞ்சளும் மூக்கில் அடிக்கிற மணமும் அதற்குக் கிடையாது. இதை ஒருதரம் மூக்குக்குப் பழக்கிவிட்டால் பிறகு யாரும் உன்னை ஏமாற்ற முடியாது.

அகில் பற்றியும் ஒரு சொல். எங்கள் தீவின் தென்மேற்கு ஈரக் காடுகளில் வல்லப்பட்டை என்று ஒரு மரம் இருக்கிறது. காயப்பட்டுப் பூஞ்சணம் பிடித்தால் அகிலைப் போல் வாசனைப் பிசின் அதில் ஊறும். இது தெரியவந்ததும் களவாக வெட்டத் தொடங்கிவிட்டார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதைக் கடத்தி அகப்படுகிறவர்களைப் பற்றிச் செய்தி வந்தபடி இருக்கிறது. "வல்லப்பட்டை எண்ணெய், மலிவாகத் தாறன்" என்று யாராவது சின்னக் குப்பியோடு வந்தால் வாங்காதே தம்பி. சட்டத்துக்கும் பிழை, காட்டுக்கும் பிழை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை வலிகாமத்துப் பிள்ளைக்குச் சொல்லாமல் விடமுடியாது: புகையிலை. காரமும் மரமும் கலந்த பல சென்றுகளில் புகையிலை இலை என்று ஒரு மணம் சேர்ப்பார்கள். சிகரெட் புகை என்று நினைத்து முகம் சுளிக்காதே. இது நெருப்பு வைக்காத இலையின் மணம். எங்கள் செம்மண் தோட்டங்களில் விளைந்து, குடிலில் தொங்கவிட்டுத் தென்னம் பொச்சு மூட்டிப் புகை போட்டுப் பதப்படுத்தின பாடங்களை நீ கண்டிராவிட்டாலும் அப்பப்பாமார் கண்டிருப்பார்கள். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் புகையிலை கப்பலேறி மலையாளத்துக்குப் போனது. அந்தக் காசில் கல்வீடுகள் எழும்பின. அந்த இலையில் வைக்கோலும் தேனும் சேர்ந்தது போன்ற ஒரு இனிப்பு மணம் உண்டு. அதைப் புகைக்கவோ சப்பவோ நான் சொல்லமாட்டேன், வாயைக் கெடுக்கிற சாமான் அது. ஆனால் சென்றில் அந்த மணம் வடிவு. முப்பது தாண்டின ஆம்பிளைக்கு அது நன்றாகப் பொருந்தும். இருபது வயசுப் பெடியனுக்கு அது அப்பாவின் சேட்டைப் போட்டது மாதிரி இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, இந்த மணம் ஒரு ஆளைப் பற்றி என்ன சொல்கிறது?

காரமும் மரமும் கலந்த சென்றைப் பூசினவன் பக்கத்தில் வந்தால், இவன் நிதானமானவன், சொன்னால் செய்கிறவன், சத்தம் போடாதவன் என்று மற்றவர் மனதில் ஒரு எண்ணம் எழுகிறது. ஏன் எழுகிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்று, எங்கள் பழக்கம். சந்தனம் எங்களுக்குக் கோயில், கலியாணப் பந்தல், சபைக்கு வந்தவர்களை மதிக்கிற கிண்ணம். நல்லூரில் மேலுடுப்பைக் கழற்றி நெஞ்சில் சந்தனம் பூசி நிற்கிற ஆம்பிளையைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அந்த மணம் வந்தால் மரியாதையும் கூடவே வரும். கறுவாவும் ஏலக்காயும் வீட்டின் மணம், விருந்தின் மணம். இரண்டும் சேர்ந்தால் வீட்டுக்கும் சபைக்கும் பொருந்தின ஆள் என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

மற்றது, விளம்பரங்கள் கட்டி எழுப்பின ஆம்பிளை. இதைப் பார்த்துத்தான் பெடியள் வாங்குகிறார்கள், அதனால் நாலு போத்தல்களை எடுத்துப் பேசுகிறேன்.

ஓல்ட் ஸ்பைஸ் 1938 இல் அமெரிக்காவில் ஆம்பிளைகளுக்கு வந்தது. அதற்கு முந்தின வருஷம் அதே பெயரில் பெண்களுக்குத்தான் முதலில் வந்தது. வெள்ளைப் போத்தலும் பாய்க்கப்பலும் அப்பாமாருக்கு நன்றாகத் தெரியும். சவரம் செய்த கன்னத்தில் தட்டுகிற லோஷன். கராம்பு, கறுவா, சாதிக்காய் எல்லாம் அதில் மணக்கும். அது காட்டுகிற ஆம்பிளை காலையில் எழும்பி, முகம் மழித்து, கந்தோருக்கு நேரத்துக்குப் போகிறவர். பழசு என்று சிரிக்காதே. மலிவு, நேர்மை, யாரையும் உறுத்தாத மணம். முதன்முதலாகச் சம்பளம் எடுக்கிற தம்பிக்கு நான் இப்போதும் இதைத்தான் சொல்வேன்.

ஷனெல் நிறுவனம் 1990 இல் எகோயிஸ்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஜாக் போல்ஜ் என்பவர் செய்தது. சந்தனமும் கறுவாவும்தான் அதன் உயிர். அதன் விளம்பரத்தில் பெரிய ஹோட்டல் ஒன்றின் யன்னல்களைத் திறந்து பெண்கள் வரிசையாக நின்று, தன்னலக்காரன் என்று ஒரு ஆம்பிளையைத் திட்டுவார்கள். அந்த விளம்பரம் உலகப் புகழ் பெற்றது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை: ஆறுதலான, பெருந்தன்மையான மணம். சந்தனத்தை நெஞ்சில் பூசி வளர்ந்த ஒருவனுக்கு அது தன்னலத்தைச் சொல்லவே சொல்லாது. போத்தலில் எழுதியிருக்கிற ஆள் வேறு, உள்ளே இருக்கிற மணம் சொல்கிற ஆள் வேறு. பெயரைப் பார்க்காமல் மணத்தைப் பார்த்து வாங்கு என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

எர்மெஸ் நிறுவனத்தின் டெர் டெர்மெஸ் 2006 இல் வந்தது, ஜான்-குளோட் எலெனா செய்தது. தோடம்பழத் தோல், மிளகு, வெட்டிவேர், சீடர். மண்ணும் கல்லும் மணக்கிற மாதிரி ஒரு வறட்சி அதில் உண்டு. இது அதிகம் கதைக்காத, வேலையை ஒழுங்காகச் செய்கிற ஆளின் மணம். கீரிமலை வெயிலுக்கு இந்த நாலிலும் பொருந்துவது இதுதான். கறுவா கூடின வாசனைகள் சூட்டில் திகட்டும். வெட்டிவேரும் மிளகும் திகட்டாது. விலை கையைக் கடித்தால் அதே பெயர்தான் வேண்டும் என்று நிற்காதே. வெட்டிவேர், மிளகு, சீடர் என்று குறிப்பில் எழுதியிருக்கிற எதையும் முயற்சி செய்.

நாலாவது, விக்டர் அண்ட் ரோல்ஃப் 2012 இல் வெளியிட்ட ஸ்பைஸ்பாம். கறுவா, மிளகாய், புகையிலை, தோல் எல்லாம் கலந்த காரமான மணம். பின்னேரக் குளிருக்கு நல்லது. ஆனால் அந்தப் போத்தல் கைக்குண்டின் வடிவம், ஊசியோடு. வேறு ஊரில் அது விளையாட்டாக இருக்கலாம். 1990 இல் குண்டுக்கும் ஷெல்லுக்கும் வீட்டை விட்டு ஓடி, இருபது வருஷத்துக்கு மேல் பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே நின்று, திரும்பி வந்து, "நிலத்தில் கிடக்கிற இரும்பைத் தொடாதே" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிற வலிகாமம் வடக்கில் அந்த வடிவம் ஒரு வீட்டு மேசையில் இருக்கக்கூடாது. பேரப்பிள்ளை எடுத்து விளையாடும், பார்க்கிற அம்மம்மாவுக்கு நெஞ்சு பதறும். வெளிநாட்டிலிருந்து யாரும் அதைக் கொண்டுவர இருந்தால் முதலே சொல்லிவிடு, இது வேண்டாம் என்று. கோபிக்கமாட்டார்கள், அவர்களும் இங்கேயிருந்து போனவர்கள்தானே.

இனி எப்படித் தெரிவது. கடையில் மூன்றுக்கு மேல் மணக்காதே, நாலாவதில் மூக்குக் குழம்பிவிடும். முதலில் கடதாசித் துண்டில் அடித்துப் பார். அதில் பிடித்த ஒன்றை மட்டும் மணிக்கட்டில் அடி. மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்காதே. மேலே இருக்கிற மெல்லிய மணங்கள் சூட்டில் ஓடிப்போகும். பிறகு கடையை விட்டு வெளியே வா. சாமான் வாங்கு, தேத்தண்ணி குடி, வெயிலில் நட, வேர்க்கட்டும். ஒரு மணித்தியாலத்தில் ஒருக்கா, மூன்று மணித்தியாலத்தில் ஒருக்கா மணந்து பார். காரம் அடங்கி மரம் வந்திருக்கும். அந்த மரத்தோடு உனக்கு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போனால் இன்னொரு நாள் போய் வாங்கு. விற்கிற பிள்ளை அவசரப்படுத்தினால் அது உனக்குரிய கடை இல்லை.

போத்தலில் ஈடிடி, ஈடிபி என்று எழுதியிருக்கும். ஈடிடியில் வாசனை எண்ணெய் பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு, ஈடிபியில் 15 முதல் 20 பங்கு; நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எங்கள் காலநிலைக்குப் பகலில் ஈடிடி போதும். ஈடிபி இருந்தால் பின்னேரத்துக்கு வை. பெரிய போத்தலுக்கு ஆசைப்படாதே. சின்னதாக வாங்கி முடித்துவிட்டு அடுத்ததைப் பார்.

மதுசாரம் பிடிக்காதவர்களுக்கு அத்தர் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் தலைமுறை தலைமுறையாகச் செம்புப் பானையில் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி எடுக்கிற வித்தை அது. இப்போது சந்தனத்தின் விலையால் வேறு எண்ணெயிலும் இறக்குகிறார்கள். நல்லது கிடைத்தால் ஒரு துளியே நாள் முழுக்க நிற்கும். காதின் பின்புறம் ஒரு துளி, அவ்வளவுதான். வெள்ளைச் சேட்டில் படாமல் பார், எண்ணெய்க் கறை போகாது.

தோலைப் பற்றி அக்கா சொல்வதைக் கட்டாயம் கேள். கறுவாவும் கராம்பும் சில தோல்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ஐரோப்பாவில் சினமல் (முன்னே சொன்ன சினமல்டிஹைட்தான்), யூஜினோல் என்று போத்தலில் பெயர் போட்டே விற்க வேண்டும், ஒவ்வாமை வரக்கூடியவர்கள் விலகட்டும் என்று. எந்தப் புதுச் சென்றையும் முழங்கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் பூசி இரண்டு நாள் பொறு. சிவந்தாலோ கடித்தாலோ விட்டுவிடு. சவரம் செய்த கையோடு கழுத்தில் அடிக்காதே, எரியும். கறுவா எண்ணெய், கராம்பு எண்ணெய் என்று மருந்துக் கடையில் விற்கிற குப்பியை வாங்கி நேரே உடம்பில் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதே, தோல் வெந்துபோகும். வீட்டில் யாருக்காவது முட்டு வருத்தம் இருந்தால், பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், அறைக்குள் அடிக்காமல் முற்றத்தில் நின்று அடி.

அடிக்கிற இடம் நெஞ்சு. சேட்டுக்குள்ளே, ஒரு சாண் தூரத்தில் பிடித்து. உடம்புச் சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி வரும், வெயிலும் நேரே படாது. தோல் வறண்டிருந்தால் மணமில்லாத வஸலீன் ஒரு துளி பூசிவிட்டு அதற்கு மேல் அடி, கூட நேரம் நிற்கும். நல்லெண்ணெய் வைத்து முழுகின நாளில் சென்றே வேண்டாம். எண்ணெயின் மணமும் சீயாக்காயின் மணமும் எதனோடும் சேராது. அன்றைக்கு அதுவே போதும்.

வேர்வையை மறைக்கச் சென்ற் அடிக்கிற பழக்கத்தை விட்டுவிடு. வேர்வையோடு கறுவா கலந்தால் இரண்டும் கெடும். குளித்து, துடைத்து, காய்ந்த உடம்பில்தான் வாசனை நிற்கும். பக்கத்தில் கீரிமலைக் கேணி இருக்கிறதே, கடலுக்கு ஒட்டி நன்னீர் ஊறுகிற இடம். அதில் ஒரு முழுக்குப் போட்டு வந்த உடம்பைவிடச் சுத்தமான உடம்பு எது? ஆனால் கேணிக் கட்டில் நின்று ஸ்பிரே அடிக்காதே. வான் பிடித்து வருகிற பெடியள் சிலர் அதைச் செய்கிறார்கள். அதே கட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் அந்தியேட்டிக்கு வந்து நிற்கும், அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டு ஈர வேட்டியோடு ஒரு மகன் நிற்பான். அந்த இடத்தில் உன் சென்ற் மணக்கக்கூடாது. ஆடி அமாவாசையில் தகப்பனில்லாத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கீரிமலைக்கு வந்து தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்வார்கள். அன்றைக்குத் திருநீறும் சந்தனமும் மட்டும்தான். நகுலேஸ்வரம் கோயிலுக்குப் போகிற எந்த நாளும் அப்படியே வைத்துக்கொள். கோயிலின் கற்பூரம், சாம்பிராணி, பூ, நெய் எல்லாவற்றோடும் போட்டிபோட உன் போத்தலுக்கு உரிமை இல்லை. செத்தவீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இதே சட்டம்.

சாமி அறைக்குள், விளக்குக்குப் பக்கத்தில் அடிக்கவே கூடாது. போத்தலுக்குள் பெரும்பகுதி மதுசாரம், ஸ்பிரே தீப்பற்றும்.

வேலைக்கு நேர்முகம் என்றால் ஒரு அடி, அதுவும் வீட்டை விட்டு வெளிக்கிட அரை மணித்தியாலம் முதலே. சின்ன அறையில் எதிரே இருக்கிறவருக்குத் தலையிடி வந்தால் உன் சான்றிதழ் உதவாது. பொம்பிளை பார்க்கப் போகும்போதும் அப்படித்தான். வெட்டிவேரோ சந்தனமோ ஒரு அடி, சேட்டுக்குள்ளே. அந்தப் பிள்ளை தேத்தண்ணித் தட்டோடு வருகிறபோது வீடு முழுக்க உன் மணமாக இருந்தால், அவளுக்கு உன்னைப் பற்றி முதலில் தெரிய வருவது உன் அடக்கமின்மை. கதைத்து, நெருங்கி, பழகின பிறகு மெல்லத் தெரிகிற மணம்தான் இந்த வகையின் அழகு. ஒரு கை நீளத்துக்கு அப்பால் யாருக்கும் தெரியக்கூடாது என்பதை அளவாக வைத்துக்கொள்.

அந்த அளவை நீயாகப் பார்க்க முடியாது. கொஞ்ச நேரத்தில் மூக்குப் பழகிவிடும், உனக்கு மணக்காது, தீர்ந்துவிட்டது என்று இன்னும் இரண்டு அடி அடிப்பாய். அடிக்காதே. அம்மாவிடமோ தங்கச்சியிடமோ கேள்: "கூடிட்டுதோ?" அவர்கள் உண்மையைச் சொல்வார்கள். வெளிநாட்டில் தனியே இருக்கிற தம்பிமார் அறைத் தோழனிடம் கேளுங்கள்.

வைக்கிற இடமும் முக்கியம். யன்னல் கட்டிலும் குளியலறையிலும் வைக்காதே. மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே கட்டாயம் வைக்காதே, அங்கே உள்ள சூட்டில் சில நாளிலேயே மணம் கெடும். பெட்டியோடு அலுமாரிக்குள், உடுப்புக்குப் பின்னால், இருட்டில் வை. நிறம் கறுத்து, தொடக்கத்தில் புளித்த மணம் வந்தால் அது முடிந்த சென்ற், பாவம் பார்க்காமல் எறி. பட்டுவேட்டியில் நேரே அடிக்காதே. கறை விழுந்தால் அதை எடுக்க வழியில்லை.

போலி பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பெரிய பெயர் எழுதின பெட்டி, சந்தையில் பத்தில் ஒரு விலைக்கு விற்றால் அது அந்தப் பெயர் இல்லை. பெட்டியின் அடியிலும் போத்தலின் அடியிலும் இருக்கிற தொகுதி எண் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்துகள் வழிந்திருக்கக்கூடாது. உள்ளே என்ன மதுசாரம் ஊற்றினார்கள் என்று தெரியாத போத்தலை உன் தோலில் பூசுவதைவிட, பெயர் தெரியாத ஆனால் நேர்மையான உள்ளூர்க் கொலோன் ஆயிரம் மடங்கு மேல்.

ஒருவனுக்குக் குணத்தைக் கொண்டுவருகிற சக்தி எந்தப் போத்தலுக்கும் இல்லை என்று உனக்கே தெரியும். ஆனாலும் நிதானமானவனின் மணத்தைப் பூசிக்கொண்டு பஸ்ஸில் கிழவிக்கு இடம் விடாமல் இருக்கிறவனையும், கொண்டக்ரரோடு சண்டைக்குப் போகிறவனையும் பார்க்கும்போது எனக்கு அந்தச் சந்தனத்தை நினைத்துத்தான் கவலை வரும். பூசினால் அதற்குத் தக்கபடி நட, தம்பி.

உனக்கு எது என்று கேட்டால் என் முடிவு இது. பகலுக்கு வெட்டிவேரும் மிளகும். கலியாண வீட்டுப் பின்னேரத்துக்குச் சந்தனமும் கொஞ்சக் கறுவாவும். அகிலும் புகையிலையும் மார்கழிக் குளிருக்கும் முப்பது வயசுக்கும் காத்திருக்கட்டும். இந்த வருஷம் மாமா வரமுன்னம் அவருக்கு ஒரு கோல் எடுத்து இதைச் சொல்லிவிடு; அவரும் எதை வாங்குவது என்று தெரியாமல்தான் விமான நிலையக் கடையில் நிற்கிறார்.